பெற்றவர் பற்று, தந்தவர் வரவு

"தம்பி, நீங்க நாலு எழுத்து எழுதுறவர். இதுக்கு ஒரு நியாயம் சொல்லிட்டுத்தான் டீயைத் தொடணும்."

சேலம் அம்மாபேட்டையில், தெரிந்த ஒருவரின் தறிப்பட்டறை. முதலாளிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நான் போனது வேறு வேலையாக. ஆனால் மனிதர் கொதித்துக்கொண்டு இருந்தார். விஷயம் இதுதான்.

அவரிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்த பையன் ஒருவன். பாவு பிணைப்பதில் தொடங்கி, ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துவது வரை எல்லாம் இங்கேதான் கற்றுக்கொண்டான். போன வருஷம் சொல்லிக்கொண்டே வேலையை விட்டு நின்றான். இப்போது பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு கொட்டகை, ரெண்டு தறி. பரவாயில்லை, பிழைக்கட்டும். ஆனால் அவன் நெய்கிற சேலையில் ஓடுவது இவருடைய மாங்காய் பார்டர்! மாங்காயின் நுனியில் மயில் தோகை மாதிரி ரெண்டு கோடு சேர்த்திருக்கிறான், அவ்வளவுதான். இவர் சரக்குப் போடும் அதே கடைக்கு, இவரைவிட இருநூறு ரூபாய் குறைத்துப் போடுகிறான்.

"அட்டையைத் தூக்கிட்டுப் போயிருந்தா போலீஸுக்குப் போயிருப்பேன். மண்டையில வெச்சுத் தூக்கிட்டுப் போயிட்டானே! ஸ்டேஷன்ல என்னன்னு எழுதிக் குடுக்கிறது? மாங்காயைக் காணோம்னா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்துப் போட்டார். பையன் வாங்கிய முன்பணத்தில் முப்பத்தைந்தாயிரம் இன்னும் பாக்கி. அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. "நூல் கடையில நான் ரெண்டு வார்த்தை சொன்னா போதும் தம்பி. அவனுக்குக் கடனுக்கு நூல் கிடைக்காது. ஒரே மாசத்துல தறி நின்னுடும். சொல்லட்டுமா, வேண்டாமா?"

கேள்வி உங்களுக்கும்தான். சொல்லலாமா, கூடாதா?

சட்டென்று 'கூடாது' என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பத்து வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்த ஒன்றை, நீங்களே சோறு போட்டு வளர்த்தவன் எடுத்துக்கொண்டு போய் எதிர்க்கடை வைத்தால் என்ன செய்வீர்கள்? 'சொல்லலாம்' என்பவர்களும் பொறுங்கள். உங்களுக்காக ஒரு வெள்ளைக்காரரின் கதை வைத்திருக்கிறேன். அவரும் நம்ம ஊர்க்காரர்தான், ஒரு வகையில்!

அம்மாபேட்டையிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து மேற்கே போனால் கஞ்சமலை. அமாவாசைக்கு அமாவாசை சித்தர் கோயிலில் கூட்டம் அலைமோதுமே, அந்த மலைதான். அடிவாரத்தில் சேலம் உருக்காலை. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் எத்தனையோ அங்கே உருட்டிய தகட்டில் பிறந்தவை. ஆனால் அந்த மலை இரும்புக்குப் பெயர் வாங்கியது இந்திரா காந்திக்கு முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முன்னால். மலையில் கிடக்கும் கறுப்புக் கல், காந்தத்தில் ஒட்டும் ஜாதி. அதைப் பொடித்து, கழுவி, நாலடி உயரமுள்ள மண் உலையில் கரியோடு கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தவர்கள் இந்தப் பக்கத்து மனிதர்கள். யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

1820-களில் சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். துணி வாங்கி சீமைக்கு அனுப்புவது உத்தியோகம். ஆனால் மனிதருக்கு மனசெல்லாம் இரும்பில். ஒரு மலையே இரும்பாக நிற்கிறது, இதை இங்கிலாந்து பாணியில் பெரிய உலை வைத்துக் காய்ச்சினால் என்ன என்று ஓர் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. நல்ல சம்பளமும் பென்ஷனும் உள்ள உத்தியோகத்தை 1825-ல் விட்டார். நம் வீடுகளில் கவர்ன்மென்ட் வேலையை விட்டுவிட்டு பிசினஸ் பண்ணப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் என்ன நடக்கும்? அதே கதைதான்.

இங்கிலாந்து போனார். இரும்புத் தொழிலைக் கற்றுக்கொண்டார். இயந்திரங்களோடு திரும்பி வந்தார். மதராஸ் அரசாங்கம் கடன் கொடுத்தது. மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சும் தனி உரிமையும் கொடுத்தது. 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. 1833-ல் அது 'போர்ட்டோ நோவோ ஸ்டீல் அண்ட் அயர்ன் கம்பெனி' ஆனது. மலபாரில் பேப்பூரில் இன்னொரு தொழிற்சாலை.

மலை சேலத்தில், உலை பரங்கிப்பேட்டையிலா என்று கேட்கிறீர்கள். அங்கேதான் விஷயம். செய்த இரும்பைக் கப்பல் ஏற்றக் கடற்கரை வேண்டும். கல்லைக் கொண்டுபோகக் காவிரி இருக்கிறது. பரிசலில் கல்லை ஏற்றிக் காவிரி வழியாக இறக்கி, கொள்ளிடம், கான்சாகிப் வாய்க்கால் என்று கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். படத்தில் பார்த்தால் அழகான திட்டம். ஆனால் நான் பி.காம். படித்தவன். எனக்கு அந்தப் பரிசலில் கல் தெரியவில்லை, செலவு தெரிகிறது. கஞ்சமலைக் கல்லில் இரும்பு மூன்றில் ஒரு பங்கும் சொச்சமும்தான். மிச்சம் வெறும் கல். ஆற்றில் தண்ணீர் வற்றினால் பரிசலும் ஓடாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, கரி. தெற்கே அன்றைக்கு நிலக்கரி கிடையாது. மரக்கரிதான். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். பக்கத்துக் காட்டை வெட்டினால் அடுத்த வருஷம் காடு தள்ளிப் போகும். அதற்கடுத்த வருஷம் இன்னும் தள்ளிப் போகும். உலை இருந்த இடத்திலேயே இருக்கும், கரி மட்டும் வண்டி ஏறி வரும். அதே நேரத்தில் பிரிட்டனில் என்ன நடந்தது? 1828-ல் ஜேம்ஸ் நீல்சன் என்பவர், உலைக்குள் ஊதும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்று கண்டுபிடித்தார். சீமை இரும்பின் விலை இறங்கியது. ஒரு பக்கம் ஹீத்தின் அடக்கவிலை ஏறுகிறது, மறுபக்கம் போட்டியாளரின் விற்பனை விலை இறங்குகிறது. இந்தக் கத்தரிக்கோலுக்கு நடுவில் கழுத்தை நீட்டிய எந்தக் கம்பெனியும் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

இரும்பு நல்ல இரும்பு என்று பெயர் வாங்கியது. பெயர் வந்தது, பணம் வரவில்லை. கடன் ஏறியது. 1853-ல் அது 'ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி' என்று வேறு பெயரில் மறுபிறவி எடுத்து, காவிரிக்கரையில் பூலாம்பட்டியிலும் உலை வைத்துப் பார்த்தது. 1870-களின் நடுவுக்குள் எல்லாம் அணைந்துவிட்டது. இதெல்லாம் ஹீத் இல்லாமலே நடந்தவை. அவர் 1830-களின் இறுதியில் இங்கிலாந்து திரும்பி, எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்ட் நகரில் புதுக் கணக்குத் தொடங்கிவிட்டார்.

அங்கேதான் நம் மாங்காய் பார்டர் கதை ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்தில் ஷெஃபீல்டில் நல்ல எஃகு வேண்டுமென்றால் ஸ்வீடனிலிருந்து விலை உயர்ந்த இரும்பை வரவழைக்க வேண்டும். உள்ளூர் இரும்பில் கந்தகம் இருக்கும். பழுக்கக் காய்ச்சித் தட்டினால் விரிசல் விடும். ஹீத் ஒரு மருந்து கண்டுபிடித்தார். மாங்கனீஸ். எஃகு உருகும் மூசையில் மாங்கனீஸும் கரியும் சேர்ந்த ஒரு பொருளைக் கொஞ்சம், நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை, போட்டால் போதும். கந்தகத்தின் கொடுக்கை அது முறித்துவிடும். உள்ளூர் இரும்பிலேயே உருப்படியான எஃகு வரும். 1839 ஏப்ரலில் பேடன்ட் வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகு விலை கணிசமாக இறங்கியது. சேலத்தில் விட்ட பணத்தை எல்லாம் வட்டியோடு எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

ஹீத்துக்கு ஓர் ஏஜென்ட். பெயர் அன்வின். கொஞ்ச நாளில் அதே சரக்கை மலிவாகச் செய்ய வழி பிறந்தது. மாங்கனீஸ் கலவையைத் தனியாகக் காய்ச்சித் தயாரிக்க வேண்டாம். மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரியையும் நேரடியாக மூசையில் போட்டுவிட்டால், அது உள்ளேயே தயாராகிவிடும். செலவு பெருமளவு குறையும். இந்த வழியை நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுத்ததே ஹீத்தான் என்பது அவர் பக்கத்தாரின் கட்சி. எப்படியோ, அன்வின் தனிக்கடை போட்டார். ஹீத் ராயல்டி கேட்டபோது, "உங்கள் பேடன்ட் தயார் செய்த கலவைக்குத்தான். நான் போடுவது கலவை இல்லையே, தனித்தனிச் சரக்கு" என்றார்.

மாங்காயின் நுனியில் ரெண்டு கோடு!

ஹீத் கோர்ட்டுக்குப் போனார். ஒரு கோர்ட் இப்படிச் சொன்னது, மேல் கோர்ட் அப்படிச் சொன்னது. நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். வருஷங்கள் ஓடின. ஷெஃபீல்டில் பட்டறைக்குப் பட்டறை மாங்கனீஸ் போட்டு எஃகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், ஹீத்துக்குச் சல்லிக்காசு வரவில்லை. 1851-ல் கையில் ஒன்றும் இல்லாமல் செத்துப்போனார். வழக்கு சாகவில்லை. 1855-ல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு சொன்னது. அன்வின் பேடன்டை மீறவில்லை.

பாவம் ஹீத் என்று உச்சுக்கொட்டுகிறீர்களா? நானும் கொட்டினேன். அதோடு கட்டுரையை முடித்து, 'ஏமாற்றாதே, ஏமாறாதே' என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹீத் எழுதிய ஒரு கட்டுரை குறுக்கே வந்தது.

அதே 1839-ம் வருஷம், லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில், இந்திய இரும்பும் எஃகும் பற்றி ஹீத் எழுதினார். நம் ஊர் எஃகு எப்படித் தயாராகிறது என்று அதில் விவரிக்கிறார். இரும்பைத் துண்டு துண்டாக வெட்டு. சின்ன மண் மூசையில் போடு. இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு, காய்ந்த ஆவாரங்குச்சியைச் சீவிப் போடு. மேலே ஒன்றிரண்டு எருக்கிலையை மூடு. களிமண்ணால் வாயை அடை. இப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை அடுக்கி உலையில் வைத்து ரெண்டரை மணி நேரம் ஊது. ஆறியதும் உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பா வாயைப் பிளந்து பார்த்த சரக்கு இதுதான். மைக்கேல் ஃபாரடே போன்ற மேதைகள்கூட இதன் ரகசியத்தைப் பிடிக்க ஆராய்ச்சி செய்தார்கள். எகிப்தியர்கள் கல்தூண்களைச் செதுக்கியதே இந்திய எஃகு உளியால்தான் என்று ஹீத் எழுதும் அளவுக்கு அவருக்கு இதில் மயக்கம். அதை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம்.

அதே கட்டுரையில் ஹீத் இன்னொன்றும் சொல்கிறார். எஃகு செய்ய இங்கிலாந்தில் ரெண்டு பேடன்ட்கள் உண்டு. 1800-ல் டேவிட் மஷெட் வாங்கியது ஒன்று. இரும்பைக் கரிப்பொருளோடு மூசையில் உருக்கும் வழி. 1825-ல் சார்லஸ் மெக்கின்டாஷ் வாங்கியது இன்னொன்று. மழைக்கோட்டு கண்டுபிடித்தாரே, அவரேதான். சூடான இரும்பின்மேல் கரி கலந்த வாயுவைச் செலுத்தும் வழி. இந்தியக் கொல்லனின் மண் மூசைக்குள் இந்த ரெண்டு தத்துவமும் சேர்ந்தே இருக்கின்றன என்கிறார் ஹீத். குச்சி கரியாகிறது, இலையும் குச்சியும் வாயுவாகின்றன, களிமண் மூடி எதையும் வெளியே விடுவதில்லை.

கவனியுங்கள். சீமையில் ரெண்டு பேர் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தங்களுடையது என்று பதிவு செய்த விஷயம், நம்ம ஊரில் கோவணம் கட்டிய ஒரு மனிதனிடம் எருக்கிலையாகவும் ஆவாரங்குச்சியாகவும் இருந்தது. ஹீத் அதைப் பார்த்தார், வியந்தார், எழுதினார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர். எங்கிருந்து பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ராயல்டி என்று ஒன்று இருந்தால், எஃகுத் தொழிலில் முதல் ராயல்டி யாருக்குப் போயிருக்க வேண்டும் என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்க, காட்டுக்குள் போய்க் கரி சுடவும் கெடுபிடி வர, நம் கொல்லர்களின் மண் உலைகள் அந்த நூற்றாண்டிலேயே ஒவ்வொன்றாக அவிந்தன. அவர்களுக்காக எந்தப் பிரபுக்கள் சபையிலும் வழக்கு நடக்கவில்லை.

ஹீத்துக்கு அன்வின் கடன்பட்டவர் என்றால், ஹீத் யாருக்குக் கடன்பட்டவர்? மாங்கனீஸை ஹீத் சேலத்தில் கற்கவில்லை, அது அவருடைய சொந்தப் புத்தி. ஆனால் மூசை எஃகு என்ற உலகத்துக்கே அவரை இழுத்துப்போட்டது எது? கஞ்சமலை. ஷெஃபீல்டும் யோக்கியம் இல்லை. அங்கே மூசை எஃகு செய்யும் வழியை 1740-களில் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர். பேடன்ட் வாங்காமல் ரகசியமாக வைத்திருந்தார். ஒரு குளிர்கால ராத்திரி, போட்டிக் கம்பெனிக்காரர் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து, குளிர் காய இடம் கேட்டு, உலையோரம் படுத்துத் தூங்குவது போல நடித்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஊரே நம்பியது. நோண்டிக்கொண்டே போனால் எல்லா உலையும் இன்னொருவர் உலையிலிருந்து பற்றவைத்ததுதான்.

"அப்படின்னா யாரும் யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டாமா? விளக்கிலிருந்து விளக்கு ஏத்தினா முதல் விளக்கு அணைஞ்சா போகுது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வாதம். அறிவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் வாதம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இந்த உவமையைச் சொல்பவர் எப்போதும் ரெண்டாவது விளக்குக்காரராகவே இருக்கிறார்! முதல் விளக்கின் சுடர் குறையாது, சரி. எண்ணெய் யாருடையது? தீக்குச்சி நமுத்துப்போன ராத்திரிகளில் விழித்திருந்தது யார்? ஹீத்துக்கு உத்தியோகம் போனது, சொத்து போனது, கடைசியில் வழக்கிலேயே ஆயுள் போனது. 'உங்கள் சுடர் குறையவில்லையே சார்' என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

எதிர்ப்பக்கமும் நில்லுங்கள். ஒரு தடவை கண்டுபிடித்தவனுக்கே எல்லாம் என்றென்றைக்கும் சொந்தம் என்றால் உலகத்தில் ரெண்டாவது தறி ஓடாது. மாங்காய் பார்டரை முதலில் நெய்தவனின் கொள்ளுப்பேரனைத் தேடிப்பிடித்துத்தான் நாம் சேலை கட்ட வேண்டும். அதனால்தான் சட்டம் ஒரு கோடு போடுகிறது. இத்தனை வருஷம், இன்ன வார்த்தைக்குள் அடங்கினால் உன்னுடையது, வெளியே போனால் ஊருடையது. கோடு வேண்டும். ஆனால் சட்டம் போடும் கோடு, தண்டனை எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் காட்டுகிறது. கடன் எங்கே முடிகிறது என்பதை அது காட்டுவதில்லை. அன்வின் கோர்ட்டில் ஜெயித்தார். அதனால் அவர் ஹீத்துக்கு ஒன்றும் கடன்படவில்லை என்று ஆகிவிடுமா?

நான் காலேஜில் படித்த கணக்குப்பதிவியலில் முதல் பாடம், 'பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை.' மூன்று வருஷப் படிப்பில் மறக்காமல் இருப்பது இது ஒன்றுதான். இதன் அழகு என்னவென்றால், பணம் கொடுத்தாகிவிட்டதா இல்லையா என்பது அடுத்த வரி. முதல் வரி, வாங்கினேன் என்று எழுதுவது. எழுதாமலே விட்டால் அந்தக் கணக்கு பேலன்ஸ் ஆகாது.

இதற்கு எஃகு உலகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹீத் செத்த ஐந்தாவது வருஷம், 1856-ல், ஹென்றி பெஸ்ஸிமர் உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தார். உலகமே கைதட்டியது. ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தால் எஃகு நொறுங்கியது. அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ராபர்ட் மஷெட். மேலே சொன்ன டேவிட் மஷெட்டின் மகன். மருந்து என்ன? மாங்கனீஸ் கலந்த ஒருவகை வார்ப்பிரும்பு. ஆமாம், ஹீத்தின் அதே மாங்கனீஸ்! மஷெட்டும் பேடன்ட் வாங்கினார். 1859-ல் 50 பவுண்ட் முத்திரைக் கட்டணம் கட்டாததால் அது காலாவதியானது. பெஸ்ஸிமர் கோடீஸ்வரர் ஆனார். மஷெட் நோயும் கடனுமாகக் கிடந்தார்.

1866-ல் மஷெட்டின் பதினாறு வயது மகள் மேரி, தன்னந்தனியாக லண்டன் போய் பெஸ்ஸிமரின் முன்னால் நின்றாள். உங்கள் வெற்றியில் என் அப்பாவின் பங்கு இருக்கிறது, எங்கள் வீடு மூழ்கிக்கொண்டிருக்கிறது என்றாள். சட்டப்படி பெஸ்ஸிமர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அவர் அவர்கள் கடனுக்குப் பணம் கொடுத்தார். பிறகு மஷெட்டுக்கு வருஷம் 300 பவுண்ட் கொடுத்துவந்தார்.

கண் கலங்குகிறதா? இருங்கள். பெஸ்ஸிமர் தன் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதும்போது, மஷெட்டுக்குத் தான் கடன்பட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. மஷெட் தனக்குக் கடன்பட்டவராக இருப்பதையே விரும்பினேன் என்கிற பொருளில் எழுதுகிறார்! பணம் கொடுத்தார், பதிவைத் திருப்பிப் போட்டுவிட்டார். பற்று வைக்க வேண்டிய இடத்தில் வரவு. தர்மம் என்ற தலைப்பில் எழுதிக்கொண்டார், கடன் என்று எழுதவில்லை.

ஹீத் வாங்கினேன் என்று எழுதினார், கொடுக்கவில்லை. பெஸ்ஸிமர் கொடுத்தார், வாங்கினேன் என்று எழுதவில்லை. அன்வின் ரெண்டும் செய்யவில்லை. மூன்று பேரில் யார் பரவாயில்லை?

'வாங்கினேன்' என்ற வார்த்தை வயிற்றை நிரப்புமா என்று கேட்பீர்கள். நிரப்பாது. மேரிக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது வார்த்தை இல்லை, பணம். தந்தவர் உயிரோடு இருந்து, கஷ்டத்திலும் இருந்தால், வாயால் நன்றி சொல்லிவிட்டுப் பர்ஸை மூடிக்கொள்வது அயோக்கியத்தனம். ஆனால் தந்தவர் இறந்துவிட்டால்? பெயரே தெரியாத கஞ்சமலைக் கொல்லன் என்றால்? அங்கே மிஞ்சுவது வார்த்தைதான். அந்த வார்த்தை ஒரு வேலை செய்கிறது. நானும் வாங்கியவன்தான் என்று ஒருவன் சொல்லிவிட்டால், தன்னிடமிருந்து வாங்கியவனைத் திருடன் என்று அவன் அவ்வளவு சுலபமாகக் கூப்பிட முடியாது. கோபம் வரும். பாக்கியைக் கேட்பான். கேட்கவும் வேண்டும். ஆனால் தறியை நிறுத்த மாட்டான்.

மறுவாரம் அம்மாபேட்டைக்குப் போனேன். ஹீத் கதை முழுக்கச் சொன்னேன். பெரியவர் ரொம்ப சுவாரஸ்யமாகக் கேட்டார். "அந்த அன்வினு பயலை..." என்று பல்லைக் கடித்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அண்ணா, அந்த மாங்காய் பார்டர் நீங்க யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை. டீ ஆறியது. நானும் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். "நூல் கடையில சொன்னீங்களா?" என்றேன்.

"சொல்லலை. கூப்பிட்டு முன்பணப் பாக்கியை மாசாமாசம் கட்டச் சொல்லிட்டேன். கட்டுறான். கடைக்கு வெலையை அடிச்சுப் போடாதடா, ரெண்டு பேரும் கெட்டுப் போவோம்னேன். சரின்னான். டிசைனுக்கு ஒண்ணும் கேக்கலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். யாராவது கேட்டா, இன்னார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லுவியாடான்னு."

"என்ன சொன்னான்?"

"சொல்லுவேங்கண்ணான்னான்."

"சொல்லுவானா?"

பெரியவர் இலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"எப்படித் தம்பி நம்புறது? நானே இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லையே."